மூன்றாவது பார்வை

அண்ணன் கல்லை மாற்றிவிட்டான் என்ற பேச்சு, கடைத்தெரு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தங்கையின் காதுக்கு வந்தது. அவள் அப்போது மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அண்ணி அழவில்லை. அதுதான் இவளைப் பயமுறுத்தியது.

"உங்க அண்ணனை முதலாளி ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்களாம். போனையும் வாங்கி வெச்சுட்டாங்க. நீ சாயங்கால வகுப்புக்குப் போய் வைரம் பாக்கப் படிக்கிறியே, அந்தப் படிப்பு இதுக்கு ஏதாவது உதவுமா, பாரேன்."

அண்ணி குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே கேட்டாள்.

அண்ணன் வைரத் தரகன். சொந்தமாக ஒரு கல்லும் கிடையாது. ஒருவரிடம் நம்பிக்கையின் பேரில் கல்லை வாங்கி, நாலு பேரிடம் காட்டி, விலை படிந்தால் தன் பங்கை எடுத்துக்கொள்வான். படியாவிட்டால் கல்லை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். இந்தத் தொழிலுக்கு முதல் வேண்டாம், பெயர் வேண்டும். 'அவன் கையில் கொடுத்தால் இரும்புப் பெட்டியில் வைத்த மாதிரி' என்று தெரு சொல்ல வேண்டும். நேற்றுச் சாயங்காலம் வரை தெரு அவனைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலையில் வைர வியாபாரியான முதலாளி தன் ஜன்னலோர மேசையில் வைத்து ஒன்றரைக் காரட் கல் ஒன்றை அவனிடம் கொடுத்தார். நல்ல வெள்ளை, 'எஃப்' நிறம் என்று சொல்லித்தான் கொடுத்தார். அண்ணனும் அதே ஜன்னலில் பார்த்துத் தலையாட்டித்தான் வாங்கிக்கொண்டான். நாள் முழுக்க அலைந்தும் விலை படியவில்லை. பொழுது சாய்ந்தபின் திருப்பிக் கொடுத்தான். முதலாளி மேசை விளக்கைப் போட்டு, வெள்ளைத் தாளை மடித்து, அந்த மடிப்பில் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது என் கல்லு இல்லையே," என்றார்.

எடை சரியாக இருந்தது. வடிவம் சரியாக இருந்தது. நிறம்தான் மூன்று படி இறங்கியிருந்தது.

தகராறு வந்த கல்லை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். தெருவின் வைர வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் சொல்லாமல் அதை யாரும் பிரிக்கக் கூடாது. பழி விழுந்த தரகன் மறுநாள் காலையிலிருந்து தீர்ப்பு வரும்வரை கல்லுக்கு உடையவரின் ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போனால் திருடியதாக அர்த்தம். இதெல்லாம் தெருவின் வழக்கம். எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

தங்கை போய்ச் சேர்ந்தபோது அண்ணன் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

"வந்துட்டியா, பூட்டு," என்றான். சிறுவயதில் வீட்டைப் பூட்டிய பிறகு நாலு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாம் முறை இழுப்பாள். அன்றிலிருந்து வீட்டிலும் வெளியிலும் அவள் பெயர் அதுதான்.

"நீ மாத்தலையே, அண்ணே?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டபிறகுதான் தெரிந்தது. அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"நீயுமா?" என்றான்.

முதலாளி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "அவன் எப்படிம்மா வாயைத் திறப்பான்? நான் இந்தத் தெருவுக்கு வந்து தலைமுடி நரைச்சாச்சு. பாலுக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு நெனச்சானா என்னை?"

சங்கத் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, மெல்லிய குரல். "சத்தம் வேண்டாம். சங்கத்துல மத்த ரெண்டு பேரும் மத்தியானம் வந்துருவாங்க. அதுக்குள்ள நிறம் என்னன்னு ஒரு பொது ஆள் பாத்துச் சொல்லட்டும். இந்தப் பொண்ணு படிக்கிற வகுப்பு வாத்தியார் இருக்காரே, அவர் யாருக்கும் வேண்டியவர் இல்ல, வேண்டாதவரும் இல்ல. முதலாளியோட கணக்கர் உறையை எடுத்துக்கிட்டு இந்தப் பொண்ணோட போகட்டும். அங்க போய்ப் பிரிங்க." பிறகு அண்ணனைப் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள முடிவு தெரியலேன்னா, போலீசுக்குப் போறது முதலாளி இஷ்டம். நான் குறுக்க நிக்கமாட்டேன்."

கணக்கர் ஒல்லியான மனிதர். உறையைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அந்தக் கையை நெஞ்சை விட்டு எடுக்கவில்லை. "எம்மா, பாத்து நட. நான் விழுந்தா உங்க அண்ணனுக்கு ரெண்டாவது கேஸ்," என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பறை ஒரு மாடியில் இருந்தது. சுவர், மேசை, திரை எல்லாம் சாம்பல் நிறம். வைரம் பக்கத்தில் இருக்கும் எந்த நிறத்தையும் கடன் வாங்கிக்கொள்ளும் என்பதால் அப்படி. அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டையே ஒரு வெள்ளைக் கல்லைக் கெடுத்துவிடும். ஆணியில் தொங்கிய வெள்ளை அங்கியை எடுத்துக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டாள்.

வைரத்தின் நிறத்தைப் பார்ப்பது என்றால், நிறம் எவ்வளவு இல்லை என்று பார்ப்பது. சுத்தமாக இல்லையென்றால் 'டி'. அங்கிருந்து எழுத்து ஒவ்வொன்றாக இறங்க இறங்க மஞ்சள் ஏறும், விலை இறங்கும். 'எஃப்' கல்லும் 'ஐ' கல்லும் மோதிரத்தில் பதித்துவிட்டால் போட்டுக்கொள்கிறவளுக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் 'எஃப்' விலையில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் 'ஐ' போகும். "உலகத்துல இல்லாத ஒண்ணுக்கு இவ்வளவு விலை குடுக்கிறது எங்க தெருவுல மட்டும்தான்," என்று அண்ணன் வீட்டில் சொல்லிச் சிரிப்பான்.

வாத்தியார் பகல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு தோளில் பை தொங்க, நின்றபடியே விளக்குப் பெட்டியைப் போட்டார். மாஸ்டர் கற்கள் இருந்த பெட்டியைத் திறந்தார். நிறம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட நாலு கற்கள் அதில் இருந்தன: 'ஈ', 'ஜி', 'ஐ', 'கே'. அளவுகோல் மாதிரி. வந்த கல்லை அவற்றுக்கு நடுவே கவிழ்த்து வைத்தார், இடுக்கியால் நகர்த்தினார்.

"ஐ. சந்தேகமே இல்ல," என்றார் கணக்கரிடம். "எழுதியெல்லாம் தரமாட்டேன். வாயால சொல்றேன், போய்ச் சொல்லிடுங்க. சாவியைப் பூட்டுகிட்ட குடுத்துட்டுப் போறேன்." படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

அவ்வளவுதான். அண்ணன் கதை முடிந்தது.

"சார், நானும் ஒரு தடவை பாக்கட்டுமா?"

கணக்கர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாரும்மா. பாத்தா தேஞ்சா போயிடும்?"

அவள் கல்லை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தாள். மாஸ்டர் கல்லையும் துடைத்தாள். விளிம்பில் அழுக்கு ஒட்டியிருந்தால் அது ஒரு படி கறுத்துக் காட்டும். 'ஐ' கல்லுக்கு இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. நெஞ்சு ஒருமுறை துள்ளியது. வலப்பக்கம் மாற்றி வைத்தாள். கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. கண்ணுக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரிந்தால் இரண்டும் ஒரே நிறம் என்று பொருள். கல்லின் மேல் மெல்ல ஊதினாள். மூச்சுப் பட்டு மினுமினுப்பு அடங்கி ஒரு கணம் கல்லின் உடம்பு நிறம் மட்டும் தெரிந்தது. 'ஐ'தான். வாத்தியார் பொய் சொல்லவில்லை.

அப்போது அவளுக்குள் ஒரு குரல் கணக்குப் போடத் தொடங்கியது. போன மாதம் அண்ணன் அண்ணியின் பழைய வளையலை மீட்டது எப்படி? இந்த வகுப்புக்கு முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டினானே, அது எங்கிருந்து வந்தது? கேட்டபோது "ஒரு பெரிய கல்லு முடிஞ்சுது" என்றான். எந்தக் கல்? அவன் காசில் படித்துக்கொண்டே அவனை நிறுத்துப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் அந்தக் குரல் நிற்கவில்லை.

கண் கலங்கினால் நிறம் தெரியாது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, தாளோடு கல்லை ஏந்திக்கொண்டு ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினாள். வெளியே பார்க்கத்தான் போனாள். பழக்கதோஷத்தில் குனிந்து தாளைப் பார்த்தாள்.

கல் வெள்ளையாக இருந்தது.

விளக்கடிக்கு ஓடினாள். மஞ்சள். ஜன்னலுக்கு வந்தாள். வெள்ளை. மாஸ்டர் கற்களை ஜன்னலுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். 'ஜி'யைவிட வெளுப்பு, 'ஈ'யைவிட ஒரு நூல் மஞ்சள். 'எஃப்'. முதலாளி சொன்ன அதே 'எஃப்'.

"சார், உங்க ஆபீஸ்ல என்ன விளக்கு?"

"ஏம்மா? போன வாரம்தான் மாத்துனோம். பழைய குழல்விளக்கு கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு இருந்துச்சு. முதலாளி எரிஞ்சு விழுந்தாரு. இப்ப புது எல்.இ.டி."

அலமாரியில் கறுப்பு விளக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வீசுவது. கல்லை அதன் பெட்டிக்குள் வைத்து மூடி, துளை வழியே பார்த்தாள். இருட்டில் கல் நீலமாக எரிந்தது, வானத்தில் ஒரு கிள்ளு கிள்ளி வைத்தது போல. சில வைரங்களுக்கு அந்தக் குணம் உண்டு. வெயிலிலும் அந்தப் புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது பட்டால் இந்த மாதிரிக் கல் தன்னையறியாமல் நீலம் கக்கும். நீலம் மஞ்சளைத் தின்றுவிடும். பார்ப்பவனுக்கு வெள்ளை தெரியும். பழைய குழல்விளக்கிலும் அந்தக் கதிர் கொஞ்சம் கசியும். புது விளக்கிலும் இந்த வகுப்பறை விளக்கிலும் துளியும் இல்லை. மாஸ்டர் கற்களையும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். நாலும் இருண்டு கிடந்தன. அளவுகோலில் குறையில்லை.

முதலாளி கல்லை வாங்கியபோது ஜன்னலிலோ பழைய குழல்விளக்கிலோ பார்த்திருப்பார்; அண்ணனிடம் கொடுத்ததும் ஜன்னலில். திருப்பி வாங்கியது மட்டும்தான் விளக்கில்.

கணக்கர் எழுந்தே விட்டார். "அப்போ உங்க அண்ணன் கொண்டாந்தது அதே கல்லா?"

அவள் 'ஆமாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் அந்த வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று இருந்தது: ஒரு பார்வை ஆசை, இரண்டாவது பார்வை ஐயம், மூன்றாவது பார்வைதான் நிறம். மூன்று முறையும் இடையில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, ஒரே வெளிச்சத்தில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறக்க வேண்டும். மற்ற மாணவர்கள் அதைச் சோதனையில் எழுதிவிட்டு மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. அதோடு, நீலம் ஒரு படி உயர்த்தும், அபூர்வமாக இரண்டு என்றுதான் பாடத்தில் இருந்தது. மூன்று படி என்றால்? அண்ணன் பிழைக்க வேண்டும் என்ற ஆசைதான் கண்ணில் வெள்ளையடிக்கிறதோ?

"இன்னும் ரெண்டு தடவை பாக்கணும், சார்."

"எம்மா, பொண்ணு பாக்கப் போனவன்கூட இத்தனை தடவை பாக்கமாட்டான்."

இரண்டாவது சுற்று முடிந்தது. விளக்கில் 'ஐ', ஜன்னலில் 'எஃப்'. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்து மூன்றாம் முறை ஜன்னலுக்குப் போனபோது வெயிலைக் காணோம். பெரிய மேகம் ஒன்று வந்து கூரைகளின் மேல் படுத்திருந்தது.

மேகத்துக்குள்ளும் அந்தக் கதிர் வரும் என்று படித்திருந்தாள். ஆனால் மூன்று பார்வையும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மேகத்தில் பார்த்தால் அது மூன்றாவது பார்வை ஆகாது. வேறொன்றின் முதல் பார்வை.

"கொஞ்சம் பொறுங்க, சார். விலகிடும்."

கணக்கர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். "சரி, நான் ஆபீசுக்கு ஒரு போன் போடட்டுமா? இந்த மாதிரி ஒரு விஷயம் இருக்குன்னு காதுல போட்டு வெப்போம்."

"வேண்டாம் சார். உறுதியாத் தெரியாம சொல்லி, அங்க எல்லார் முன்னாலயும் வெச்சுக் காட்டும்போது மாறிப்போச்சுன்னா? அப்புறம் அண்ணன் சொல்ற எதையும் யாரும் நம்பமாட்டாங்க."

"உங்க அண்ணன் அங்க முள்ளு மேல உக்காந்திருக்காரும்மா."

"தெரியும் சார். அதனாலதான்."

அவள் அப்படித்தான் நம்பினாள். அண்ணனுக்குக் கிடைக்கப்போவது ஒரே ஒரு வாய்ப்பு. அதைக் கை தவறிக் கீழே போட்டுவிடக் கூடாது. மேகத்தின் விளிம்பு வெளுக்கும்போதெல்லாம் எழுந்தாள். இன்னொன்று வந்து மூடும்போது உட்கார்ந்தாள். உள்ளங்கை வியர்த்து இடுக்கி வழுக்கியது. துடைத்துக்கொண்டாள். கூரைகளுக்கு அப்பால் ஏதோ ஒரு தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இங்கே இல்லை.

கணக்கரின் தொலைபேசி அடித்தது. அவர் கேட்டார். "ஆங்... ஆங்..." என்றார். கடைசியில் அதைக் காதிலிருந்து இறக்கினார்.

"முடிஞ்சு போச்சாம்மா. உங்க அண்ணன் ஒத்துக்கிட்டாராம்."

"எதை?"

"கல்லை மாத்திட்டேன்னு."

தாளை மடித்தாள். கல்லை உறைக்குள் போட்டாள். அவசரத்தில் மாஸ்டர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. படி இறங்கிப் பாதித் தெரு ஓடியபின்தான் கதவைப் பூட்டாமல் வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளியின் ஆபீஸில் இப்போது நாற்காலிகள் நிறைந்திருந்தன. சங்கத்தின் மற்ற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நடுவில் ஒரு குட்டை மனிதர் நின்று கத்திக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி; தெருவில் அவரை எல்லாரும் சோடாபுட்டி என்பார்கள். அவரும் தரகர்தான். அண்ணனும் அவரும் ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்கள்.

"என் கையில குடுத்தானாம்! என் பையில இருந்த கல்லோட மாறிப்போச்சாம்! டேய், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுடா. நேத்து நான் உன்னைப் பாத்தேனாடா?"

அண்ணன் முக்காலியில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். மணி ஏற ஏற வகுப்பறையிலிருந்து ஆள் வரவில்லை. முதலாளி போலீசுக்குப் போன் செய்ய எழுந்தார். அப்போது யாரோ ஒரு நல்ல மனிதர், அண்ணனின் தோளைத் தொட்டு, "தம்பி, திருடினேன்னு சொல்லாதே. கை தவறி இன்னொருத்தர் கல்லோட மாறிப்போச்சுன்னு சொல்லு. தப்புன்னா ஒரு மாதிரி, திருட்டுன்னா வேற மாதிரி" என்று அறிவுரை சொன்னார். அண்ணன் சொன்னான். "யார் கல்லோட?" என்று சங்கத் தலைவர் கேட்டார். அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. முதலில் வாயில் வந்த பெயரைச் சொன்னான். நண்பன் பெயர்தான் முதலில் வந்தது.

"அது அதே கல்லுதான்!" என்று தங்கை வாசலிலிருந்தே கத்தினாள். மூச்சு வாங்கியது. "யாரும் மாத்தல. மாறல. ஜன்னல்கிட்ட வாங்க, காட்டுறேன்."

முதலாளி கையை நீட்டி மறித்தார். "அவனே ஒத்துக்கிட்டான். இனிமே என்ன காட்டப் போறே?"

"நீங்க கல்லை எங்க வெச்சுப் பாத்துக் குடுத்தீங்க, ஐயா? அங்கயே வெச்சுப் பாருங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

அவர் அசையவில்லை. நரைத்த புருவத்துக்குக் கீழே ஏதோ ஓடிற்று. எல்லாம் தெரிந்த மனிதர். இப்போது அவருக்கே புரிந்திருக்க வேண்டும். அது அதே கல் என்றால், மூன்று படி குறைந்த கல்லை வெள்ளை விலை கொடுத்து வாங்கியவர் அவர்தான்.

"மேகமா இருக்கு. இப்ப என்ன தெரியும்?" என்றார்.

தங்கையும் ஜன்னலைப் பார்த்தாள். மேகம் அப்படியே கிடந்தது. ஆனால் சங்கத் தலைவர் தன் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கல்லைத் தாளில் வாங்கி முதலில் மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் விளிம்பில் வைத்துக் குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். மற்ற இரண்டு பேரையும் கையசைத்துக் கூப்பிட்டார். மூன்று தலைகள் தாளின் மேல் கவிந்தன.

"வெள்ளை," என்றார் ஒருவர்.

"எஃப்னு சொல்லலாம்," என்றார் இன்னொருவர். "மழைமேகத்துலயே இப்படின்னா வெயில்ல கேக்கவே வேண்டாம்."

மேகத்திலேயே கல் வெள்ளையாக இருந்தது. அவள் காத்திருந்திருக்க வேண்டியதே இல்லை.

சங்கத் தலைவர் கல்லை முதலாளியின் மேசையில் வைத்தார். "கல்லு உங்க கல்லுதான். நீலம் அடிக்கிற கல்லு. நீங்க வாங்கும்போதே பாத்திருக்கணும்." முதலாளி இடுக்கியை எடுத்தார், வைத்தார். தலைவர் தொடர்ந்தார்: "தரகன் மேல திருட்டு இல்ல. மாத்தல. இதை நான் தெருவுல சொல்றேன்."

தங்கை முக்காலிக்குப் பக்கத்தில் போனாள். அண்ணன் கையைப் பிடித்தாள். "எழுந்திரு அண்ணே. வா, போகலாம்."

அண்ணன் எழுந்தான். சோடாபுட்டி அவன் எதிரே வந்து நின்றார். இப்போது கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத முகம் தூங்கி எழுந்தவன் முகம் மாதிரி இருந்தது.

"மாறலேன்னா, ஏன்டா மாறிப்போச்சுன்னு சொன்னே?"

அண்ணன் முக்காலியைச் சுவரோரம் தள்ளினான்.

"சரி, அது உன் கழுத்து, நீ எங்கயாவது குடுத்துக்கோ. என் பேரை ஏன்டா சொன்னே?"

"பயத்துல..."

"பயத்துல," என்று சோடாபுட்டி திருப்பிச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சங்கத் தலைவர் மெல்லிய குரலில், யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நம்ம தொழில்ல கல்லு கை மாறலாம். வாக்கு மாறக் கூடாது, தம்பி. நாளைக்கு ஒருத்தன் ஒரு கல்லை உன்கிட்ட குடுத்துட்டு, உன்னை மிரட்டினா, நீ இன்னொருத்தனைக் கைகாட்டுவேன்னு இன்னைக்குத் தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. குடுக்காதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். குடுங்கன்னும் சொல்லமுடியாது."

கணக்கர் அண்ணனின் தொலைபேசியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தார். வைத்த கையை ஒரு நொடி எடுக்காமல் இருந்தார். அந்த அறையில் அவனுக்குக் கிடைத்த இரக்கம் அவ்வளவுதான்.

கடைத்தெரு எப்போதும் போலத்தான் இருந்தது. மேசைக்கு மேசை விளக்கு, விளக்குக்கு விளக்கு குனிந்த தலை. வழக்கமாக இந்தத் தெருவில் அண்ணன் நடந்தால் பத்தடிக்கு ஒரு குரல் கூப்பிடும்: "என்ன மாப்பிள்ளை, பையில என்ன?", "வாய்யா, ஒரு டீ குடிச்சுட்டுப் போ." இன்று அவன் வருவதைப் பார்த்தவர்கள் இடுக்கியில் இருந்த கல்லை இன்னும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் மேசைமேல் பரப்பியிருந்த தாளை மெதுவாக மடித்தார். அவன் திருடன் இல்லை என்ற செய்தி அதற்குள் வந்திருக்கும். மற்ற செய்தியும் சேர்ந்தே வந்திருக்கும்.

தெரு முடிந்து பேருந்து நிற்கும் இடத்தில் அண்ணன் நின்றான். நேற்றுப் போட்ட சட்டையே இன்றும். கழுத்துப்பட்டி அழுக்காக இருந்தது.

"நீ வரவே இல்ல," என்றான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கதை சொல்கிற குரல். "வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். நேரமாக ஆக, நீ பாத்துட்டே, கல்லு மட்டம்னு தெரிஞ்சிருச்சு, எங்கிட்ட வந்து சொல்ல முடியாம எங்கயோ நிக்கிறேன்னு நெனச்சேன். காலையில நீ வந்ததும் கேட்டியே, மாத்தலையேன்னு. அதே நெனப்பா இருந்துச்சு. என் தங்கச்சியே நம்பல, இனி யார் நம்பினா என்னன்னு ஆயிருச்சு. அப்பதான் அந்த ஆளு தோளைத் தொட்டான்."

அவள் வெள்ளை அங்கியைக் கழற்றாமலே வந்திருந்தாள். அதன் கடைசிப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள்.

"பெரிய கஷ்டமான கல்லு, இல்ல?" என்றான் அண்ணன். "கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் ஆயிருச்சு."

அவன் அவளுக்கு ஒரு வழி விட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கஷ்டமான கல், யாராலும் உடனே கண்டுபிடித்திருக்க முடியாது, விதி. அதை வைத்துக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போய்விடலாம். அண்ணியிடமும் அப்படியே சொல்லலாம். எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே சொல்லலாம்.

"இல்ல, அண்ணே," என்றாள். "முதல் தடவையே தெரிஞ்சுது. ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவது தடவைக்காக உக்காந்திருந்தேன்."

அண்ணன் அவளைப் பார்த்தான். பேருந்து வந்து நின்று கதவு திறந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை. நடத்துனர் எட்டிப் பார்த்து, "வர்றீங்களா, இல்லையா?" என்றார்.

"நீ போ," என்றான் அண்ணன் அவளிடம். "அண்ணி தனியா இருப்பா. நான் கொஞ்சம் நடந்து வர்றேன்."